கித்தார் வரலாம், குளிர்பெட்டி வேண்டாம்

கேள்வி:
வணக்கம் அக்கா. நானும் இரண்டு தோழிகளும் அடுத்த மாதம் மூன்று இரவுகள் நடக்கும் ஒரு திறந்தவெளி இசைவிழாவுக்குப் போகிறோம். இதற்கு முன் இரண்டு தடவை காரில் போயிருக்கிறோம். கையில் கிடைத்ததை எல்லாம் பின்னால் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். இந்த முறை கார் இல்லை, பஸ்தான். ஆளுக்கு ஒரு பெரிய பை, மடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பை என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது: நான்கு பேர் டென்ட், காற்று மெத்தை, அதற்கு ஒரு பம்ப், மூன்று மடக்கு நாற்காலி, குளிர்பெட்டி, சின்ன கேஸ் அடுப்பு, ஸ்லீப்பிங் பேக் மூன்று. எதை விடுவது என்று பேச ஆரம்பித்தாலே சண்டை வருகிறது. எல்லாவற்றையும் சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸில் போட்டு இழுத்துக்கொண்டு போய்விடலாமா? போதாக்குறைக்கு ஒருத்தி கித்தாரும் எடுத்து வருவேன் என்கிறாள்.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:
பஸ்ஸில் எவ்வளவு இடம் இருக்கும் என்பதிலேயே நீங்கள் மூவரும் நிற்கிறீர்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. பையை டிக்கியில் போட்டுவிட்டால் அது எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அங்கே கிடக்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து டென்ட் போடும் இடம் வரைக்கும் உள்ள தூரம்தான் உங்களைப் படுத்தப்போகிறது. பெரிய விழாக்களில் அது அரை மணி நடையாக இருக்கும். நுழைவாயிலில் வரிசை நீண்டால் பையைத் தோளில் போட்டபடி ஒரு மணி நேரம் நிற்கவும் வேண்டியிருக்கும். காரில் போனபோது மறந்துபோனதை எடுக்கத் திரும்பி ஓடியிருப்பீர்கள். இப்போது ஒரே நடை, எல்லாம் ஒரே தடவையில்.

அதனால் முதல் வேலையாக, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பையைக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். மாடிப்படியும் ஏறி இறங்குங்கள். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். மூட்டை சுமந்து மலையேறுகிறவர்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாதே என்பார்கள். 55 கிலோ எடையுள்ளவருக்கு அது 11 கிலோ. தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும், ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. நீங்கள் உட்கார்ந்து போடும் சண்டைகளில் பாதியை இந்த அரை மணி நடையே தீர்த்துவிடும். நாற்காலி கட்டாயம் வேண்டும் என்று அடம்பிடித்தவரே இருபதாவது நிமிடத்தில் அதைக் கழற்றி வைப்பார்.

சூட்கேஸ் வேண்டாம். அதன் சக்கரங்கள் வழவழப்பான தரைக்காகச் செய்தவை. புல்லிலும் சரளையிலும் அவை உருளாது, உழும். மழை பெய்துவிட்டால் சேறு சக்கரத்தில் அப்பிக்கொள்ள, கனமான ஒரு பெட்டியைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற நிலைமைதான் மிஞ்சும். 60 முதல் 65 லிட்டர் கொள்ளும் முதுகுப்பை, இடுப்பில் இறுக்கிக் கட்டும் அகலப் பட்டை உள்ளதாக, ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். அந்த இடுப்புப் பட்டையைப் பலர் அலங்காரம் என்று நினைத்துத் தொங்கவிடுகிறார்கள். எடையில் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்பு எலும்புக்கு இறக்கிவிடுவதே அதுதான்.

இனி டென்ட். நான்கு பேர் டென்ட்டை விட்டுவிட்டுச் சின்னது வாங்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். வாங்காதீர்கள். ‘மூன்று பேர் டென்ட்’ என்றால் மூன்று பாய்களை இடைவெளியே இல்லாமல் விரிக்கலாம், அவ்வளவுதான். பைகளுக்கு அதில் இடம் கிடையாது. மூன்று பேருக்கு நான்கு பேர் டென்ட்தான் சரி. அதன் எடை சாதாரணமாக 4 முதல் 7 கிலோ வரை இருக்கும், ஆனால் சிக்கல் எடையை விட அதன் உருவத்தில் இருக்கிறது. கடையில் கொடுத்த நீளப் பையோடு அதைத் தூக்கினால் எந்தப் பைக்குள்ளும் நுழையாது, கையில் தொங்கவிட்டால் முழங்காலில் இடிக்கும், பஸ்காரர் அதைத் தனிப் பை என்று எண்ணிவிடவும் கூடும்.

அந்தப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு டென்ட்டைப் பிரித்துவிடுங்கள். மேல்துணி ஒருவருக்கு, உள்துணி இன்னொருவருக்கு, கம்பிகளும் முளைகளும் மூன்றாமவருக்கு. துணியை அழகாக மடிக்க வேண்டியதில்லை. பைக்குள் காலியாகக் கிடக்கும் மூலைகளில் எல்லாம் அமுக்கித் திணிக்கலாம். கம்பிக்கட்டு பையின் உள்விளிம்பை ஒட்டிச் செங்குத்தாக நிற்கட்டும். முளைகளைத் தடித்த துணிப்பை ஒன்றில் போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் துணியைக் கிழித்துவிடும். முளை அடிக்கச் சுத்தியல் சுமக்க வேண்டாம். மண் மெத்தென்று இருந்தால் குதிகாலே போதும், கெட்டியாக இருந்தால் பக்கத்து டென்ட்காரரிடம் ஒரு சுத்தியல் இருக்கும். கேட்டால் பேச்சுத்துணையும் கிடைக்கும்.

இப்படிப் பிரிப்பதில் ஓர் ஆபத்து உண்டு, பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன். ஒரு தடவை நாங்கள் நால்வர் இதே மாதிரி பங்கு போட்டுக்கொண்டோம். கம்பிகள் எங்களில் எப்போதும் தாமதமாக வரும் நண்பரின் பங்கு. அவர் பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ் மறுநாள் காலையில். அன்றிரவு எங்களிடம் அருமையான டென்ட் துணி இருந்தது, அதைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். அதிலிருந்து எனக்கு ஒரு விதி: எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறுவது உறுதி என்றால் பிரிக்கலாம். ஒருவர் தனியாக வருகிறார் என்றால் டென்ட் முழுவதும் சேர்ந்து வரும் இருவரிடம் இருக்கட்டும். தனியாக வருகிறவர் அதற்கு ஈடாக வேறு பொதுச் சாமான்களைச் சுமக்கட்டும்.

தூக்கிப் போட்டால் தானே விரிந்துகொள்ளும் டென்ட்டை யாராவது இரவல் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மடித்தால் அது பெரிய தாம்பாளம் போல வட்டமாகிவிடும். முதுகுப்பைக்குள் போகாது, டிக்கியிலும் மற்ற பைகளோடு ஒட்டாது. காரில் வருகிறவர்களுக்கு அது நல்ல பொருள்.

காற்று மெத்தையை விட மனசு வராது, தெரியும். ஆனாலும் விடுங்கள். மெத்தை, பம்ப் இரண்டின் எடை ஒரு பக்கம், ஒரே ஒரு ஓட்டை விழுந்தால் மூவரும் தரையில் என்பது இன்னொரு பக்கம். பலருக்குத் தெரியாத மூன்றாவது விஷயமும் உண்டு: சாதாரணக் காற்று மெத்தை குளிரைத் தடுக்காது. உள்ளே இருக்கும் காற்று சுற்றிச் சுற்றி வந்து உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். அரைக் கிலோகூட இல்லாத ஃபோம் பாய் இந்த வேலையை அதைவிட நன்றாகச் செய்யும். அந்தப் பாயைப் பையின் வெளியே கட்டித் தொங்கவிடாதீர்கள், டிக்கியில் அடுத்த பை இழுத்ததும் அறுந்துகொண்டு போகும். காலிப் பைக்குள் பாயைக் குழாய் மாதிரி சுருட்டி நிறுத்தி, பையின் சுவரோடு ஒட்டும்படி தளர்த்திவிடுங்கள். பிறகு நடுவில் சாமான்களை அடுக்குங்கள். பாய்க்குத் தனி இடம் தேவைப்படாது, பையும் விறைப்பாக நிற்கும், உள்ளே இருப்பவையும் இடிபடாது.

ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டாமல் அதன் உறைக்குள் கைப்பிடி கைப்பிடியாகத் திணியுங்கள், பையின் அடியில் போடுங்கள். அதன் அட்டையில் ஐஎஸ்ஓ 23537 தரப்படி வெப்பநிலைகள் அச்சிட்டிருந்தால் ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணை மட்டும் பாருங்கள். பெண்கள் சுகமாகத் தூங்கும் அளவை வைத்துக் கணக்கிட்டது அது. ‘லிமிட்’ என்பது உடலைச் சுருட்டிக்கொண்டு படுக்கும் ஆணுக்கான அளவு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற எண்ணை நம்பி வாங்கினால் தூக்கத்தை மறந்துவிடலாம், அது உயிர் பிழைப்பதற்கான கணக்கு.

நாற்காலிகள், குளிர்பெட்டி: வேண்டாம். காரணம் சொல்லவும் தேவையில்லை.

கேஸ் அடுப்புக்கு மட்டும் காரணம் சொல்லியாக வேண்டும். எரிவாயு உருளை, எரிபொருள் இவற்றைப் பெரும்பாலான பஸ் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. பல விழாக்களும் நுழைவாயிலில் பிடுங்கி வைத்துவிடும், கண்ணாடிப் பாட்டிலுக்கும் அதே கதிதான். பஸ்ஸுக்கு ஒரு தடைப்பட்டியல், விழாவுக்கு இன்னொன்று, இரண்டும் வேறு வேறு. விழா அனுமதித்ததே என்று பஸ்காரரிடம் வாதாட முடியாது. இரண்டையும் வரிக்கு வரி படியுங்கள், பையின் அளவு, எடை வரம்பு உட்பட.

டிக்கிக்குள் பை போகும்போது தொங்கும் வார்களை எல்லாம் இறுக்கி முடிந்துவிடுங்கள், இடுப்புப் பட்டையைப் பின்பக்கமாகச் சுற்றிப் பூட்டுங்கள். விழாவுக்குப் போகிற பஸ்ஸில் பாதிப் பைகள் கறுப்பு நிறம், அதனால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு துணியைக் கைப்பிடியில் கட்டுங்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. மழையுறை மாட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம், அது டிக்கியில் உருவிக்கொண்டு போய்விடும். தடித்த குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் உறை போல விரித்து, அதற்குள் சாமான்களை வைத்தால் எந்த ஈரமும் அண்டாது. ஆளுக்கு இரண்டு குப்பைப் பைகள் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள், எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

மடியில் வைக்கும் சின்னப் பைக்கு என் அளவுகோல் ஒன்றுதான். பெரிய பை ஒருநாள் தாமதமாக வந்தாலும் சமாளிக்க முடிய வேண்டும். டிக்கெட், அடையாள அட்டை, மருந்து, போன், பவர் பேங்க், தண்ணீர், மழைக்கோட்டு, ஒரு ஜோடி சாக்ஸ், நெற்றியில் மாட்டும் டார்ச். டார்ச் அவசியம் இந்தப் பையில்தான் இருக்க வேண்டும். பஸ் தாமதமாகி இருட்டில் இறங்கினால், டார்ச்சைத் தேடுவதற்கே ஒரு டார்ச் தேவைப்படும். பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் மின்சாரம் மாறும்போது கொஞ்சம் வீணாகும், போனை இரண்டு தடவை நிரப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு ஆளுக்கு ஒன்று. இறங்கும்போது பஸ் நின்ற இடத்தையும் அங்கிருக்கும் எண் பலகையையும் போட்டோ எடுத்துவிடுங்கள். மூன்று இரவுக்குப் பிறகு எல்லாத் திடலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. போகும்போது இருக்கும் உற்சாகம் வரும்போது இருக்காது. தூக்கம் இல்லை, கால் வலி, டென்ட்டோ ஈரம். மழையே பெய்யாவிட்டாலும் விடிகாலைப் பனியிலும், உள்ளே படுத்தவர்களின் மூச்சிலும் துணி நனைந்திருக்கும். நனைந்த துணி கனக்கும், கட்டினால் பருத்துவிடும். கூடுதல் குப்பைப் பைகள் இதற்குத்தான். டென்ட்டை நன்றாக உதறி, குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டி, முதுகுப்பையின் மேல்பகுதியில் வையுங்கள். அழுக்குத் துணிகளை நேற்றிரவே அடியில் கட்டி முடித்திருக்க வேண்டும். காரில் வந்தவர் பத்து நிமிடம் தாமதித்தால் ஒன்றும் ஆகாது, பஸ் காத்திருக்காது. புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: டென்ட் பிரிக்க ஒரு மணி நேரம், நடக்க அரை மணி, வரிசைக்கு இன்னொரு அரை மணி.

அந்தக் காலையில் மூவரில் ஒருவர் நிச்சயம் சொல்வார்: “இதை இங்கேயே விட்டுவிடலாம், யாராவது எடுத்துப்பாங்க.” யாரும் எடுப்பதில்லை. பிரிட்டனின் சுயாதீன இசைவிழாக்கள் சங்கம் 2019-ல் இதற்கென்றே ஓர் இயக்கம் நடத்தியது. அந்த நாட்டு விழாத் திடல்களில் ஆண்டுக்குச் சுமார் 2,50,000 டென்ட்கள் கைவிடப்படுகின்றன என்பது அவர்கள் தந்த மதிப்பீடு. தொண்டு நிறுவனங்களுக்குப் போகும் என்று பலர் நம்பி விட்டுப்போனவற்றில் பெரும்பகுதி குப்பையோடுதான் சேர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் டென்ட்டை வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். ஓரிரு நாள் அப்படியே கட்டிக் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் பிறகு எதற்கும் போகாது.

கித்தாரை மறக்கவில்லை. பஸ்காரரிடமும் விழா நடத்துகிறவர்களிடமும் முன்கூட்டியே கேட்டு, இருவரும் சரி என்றால் தாராளமாக வரட்டும். அது டிக்கிக்குப் போகக் கூடாது, அதைச் சுமப்பதும் கொண்டுவருகிறவர் மட்டுமே. அதற்காக அவருடைய டென்ட் பங்கை நீங்கள் இருவரும் வாங்கிக்கொள்ள வேண்டாம். நேரத்துக்கு வராதவராக இருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு: கம்பிகள் உங்கள் பையில் இருக்கட்டும்.