டப்ளின் கோட்டைக்குப் போன மனுக்கள்: எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது?

கேள்வி: டப்ளினில் முதுகலை வரலாறு படிக்கிறேன். 1822இல் அயர்லாந்தின் மேற்கே கால்வே பகுதியில் வந்த பஞ்சம் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். அப்போது மக்கள் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களைப் பார்க்கச் சொல்கிறார் என் வழிகாட்டி. இணையப் பட்டியலில் சில மனுக்களின் சுருக்கத்தைப் படித்தேன். எல்லாமே ஒரே மாதிரி கெஞ்சலாக இருக்கின்றன. இவற்றை நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மனுவை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு அதை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. அந்தத் தாளின் பின்புறத்தில் அதிகாரிகள் எழுதியதையும், அதே ஊரிலிருந்து அதே வாரங்களில் போன மற்ற கடிதங்களையும் சேர்த்துப் படித்தால்தான் அது சான்றாகும். உங்கள் ஆய்வேட்டுக்கு இதுவே அடிப்படை என்று நினைக்கிறேன். அதனால் எங்கே தேடுவது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன்.

1801இல் பிரிட்டனுடன் இணைப்பு நடந்தபோது டப்ளினில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. நிர்வாகம் மட்டும் டப்ளின் கோட்டையிலேயே தங்கிவிட்டது. மேலே லார்ட் லெப்டினன்ட், அதாவது வைசிராய். அவருக்கு அடுத்து தலைமைச் செயலர். இவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருப்பார் என்பதால், கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் லண்டனில்தான் இருப்பார். டப்ளினில் உட்கார்ந்து தினமும் தபாலைப் பிரித்துப் பார்த்தவர் அண்டர் செக்ரட்டரி. நீங்கள் எடுத்துக்கொண்ட ஆண்டில் வைசிராய் வெல்லெஸ்லி பிரபு, தலைமைச் செயலர் ஹென்றி கௌல்பர்ன், அண்டர் செக்ரட்டரி வில்லியம் கிரெகரி. வெல்லெஸ்லியை நமக்கு முன்பே தெரியும். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபோதும், 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதியைக் கம்பெனி எடுத்துக்கொண்டபோதும் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் அவர்தான். கிரெகரியின் பேரன், அதே பெயர் கொண்டவர், 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்பு அருங்காட்சியகம் அவர் காலத்தில்தான் திறக்கப்பட்டது. பேரனை அறிந்த அளவுக்குத் தாத்தாவை யாரும் அறிவதில்லை. ஆனால் 1812 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அயர்லாந்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்த முறையீடு அவர் மேசையைக் கடந்துதான் போனது. அவர் கையெழுத்தைச் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள்.

அந்த அலுவலகத்துக்கு வந்த கடிதங்கள், 1818 முதல் எண்ணிட்டுப் பதிவு செய்யப்பட்டவை, இப்போது டப்ளின் பிஷப் தெருவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 'தலைமைச் செயலர் அலுவலகப் பதிவுத் தாள்கள்' என்பது அந்தத் தொகுப்பின் பெயர். இவை பிழைத்ததே பெரிய விஷயம். 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. 1821 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் படிவங்களில் பெரும்பகுதி அதில் போயிற்று. மனுக்கள் வேறிடத்தில், டப்ளின் கோட்டையிலேயே இருந்ததால் தப்பின. அந்தக் காலத்து ஏழை மக்களைப் பெயரோடும் ஊரோடும் சந்திக்க இதைவிட நல்ல இடம் அயர்லாந்தில் குறைவு.

நீங்கள் பார்த்த இணையப் பட்டியல் நல்ல தொடக்கம். 1818 முதலான தொடக்க ஆண்டுகளுக்கு ஒவ்வொரு கடிதத்துக்கும் தனிச் சுருக்கம் உண்டு, இலவசமாகத் தேடலாம். ஆனால் அந்தச் சுருக்கம் இக்கால ஆவணக்காப்பாளர் எழுதியது. அதை மேற்கோளாக எடுத்தாளாதீர்கள், மூலத்தைப் போய்ப் பாருங்கள். தேடும்போது ஊர்ப்பெயரின் எழுத்து பலவிதமாக இருக்கும். ஐரிஷ் மொழிப் பெயரை எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். குடும்பப் பெயரில் முன்னே வரும் 'ஓ' சில தாளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. டவுன்லாண்ட், பாரிஷ், பாரனி, கவுண்டி என்று சிறியதிலிருந்து பெரியதாகப் போகும் நான்கு நிலப்பிரிவுகளையும் கையில் வைத்துக்கொண்டு, சின்னதில் கிடைக்காவிட்டால் பெரியதில் தேடுங்கள்.

பதிவெண் விஷயத்தில் பலரும் தடுக்கி விழுவார்கள். நம் ஊர் அரசு அலுவலகத்தில் ந.க. எண் போடுவார்களே, ஏறக்குறைய அது மாதிரிதான். ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசை எண். ஒரே விஷயமாக மறுபடி கடிதம் வந்தால் பழைய தாளை எடுத்துப் புதிய தாளோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஜூன் மாதக் கடிதம் அதன் எண்ணில் இல்லை என்றால் காணாமல் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டிசம்பர் மாத எண்ணுக்கு, சில சமயம் அடுத்த ஆண்டுக் கட்டுக்கே, அது குடிபோயிருக்கலாம். பழைய எண்ணுக்கு எதிரே புது எண் எழுதியிருக்கிறதா என்று பதிவேட்டில் பாருங்கள்.

சரி, தாள் கைக்கு வந்துவிட்டது. முதலில் அதைத் திருப்பிப் பின்புறத்தைப் படியுங்கள்.

அப்போது கடிதங்களை நீளவாக்கில் ஒடுக்கமாக மடித்துக் கட்டி வைப்பார்கள். மடித்த பிறகு வெளியே தெரியும் பட்டையில் எழுத்தர் எண், தேதி, எழுதியவர் பெயர், ஊர், ஓரிரு வரிச் சாரம் ஆகியவற்றைக் குறித்திருப்பார். அதற்குக் கீழே, வேறு மையில், வேறு கையில், சில சொற்கள் இருக்கும். இன்னாரிடம் அறிக்கை கேள், பெற்றுக்கொண்டதாகத் தெரிவி, இதற்கு நிதி இல்லை, நடவடிக்கை தேவையில்லை என்பது போல. மரண தண்டனைக் கைதிக்காக வந்த கருணை மனு என்றால், விசாரித்த நீதிபதியின் கருத்தைக் கேட்டபின் 'சட்டம் தன் வழியில் போகட்டும்' என்ற பொருளில் ஒற்றை வரி. முன்பக்கத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு குடும்பத்தின் கதை இருக்கும். பின்பக்கத்தில் அதன் தலைவிதி ஆறேழு சொல்லில் முடிந்திருக்கும். இரண்டையும் படித்தால்தான் கடிதத்தைப் படித்ததாகக் கணக்கு.

யாரிடம் அறிக்கை கேட்டார்கள் என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் கேட்டிருப்பார்கள். அந்த மாஜிஸ்திரேட் பெரும்பாலும் அங்கே நிலம் வைத்திருப்பவர், அல்லது அரசுத் திருச்சபையின், அதாவது புராட்டஸ்டன்ட் சபையின், பாதிரியார். குத்தகைக் கொடுமை என்று புகார் எழுதினால், அந்தப் புகார் சுற்றிச் சுற்றிக் குத்தகை வாங்குபவரின் நண்பரிடமே, சில வேளை அவரிடமே, விளக்கத்துக்குப் போய்ச் சேரும். புகார் மிகைப்படுத்தப்பட்டது என்று அவர் எழுதுவார், கோப்பு மூடப்படும். இதைப் பார்த்துவிட்டு 'விசாரணையில் புகார் பொய் என்று தெரிந்தது' என்று ஆய்வேட்டில் எழுதினால் தப்பாகிவிடும். விசாரித்தது யார் என்பதை எழுதாமல் விசாரணை முடிவை எழுதக் கூடாது.

இப்போது கெஞ்சலுக்கு வருவோம். மேதகு வைசிராய் சமூகத்துக்குப் பணிவான விண்ணப்பம் என்று தொடங்கி, மனுதாரர் என்றென்றும் தங்களுக்காகப் பிரார்த்திப்பார் என்று முடிவது அந்தக் காலத்து மனுவின் கட்டாய வடிவம். பணக்காரரும் அப்படித்தான் எழுதினார், பரதேசியும் அப்படித்தான் எழுதினார். கால்வேயின் மேற்குப் பகுதியில் பெரும்பாலோர் ஐரிஷ் மொழி பேசியவர்கள், எழுதத் தெரியாதவர்கள். ஊர்ப் பள்ளி ஆசிரியரோ எழுதத் தெரிந்த வேறொருவரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார், மனுதாரர் பெருக்கல் குறி போடுவார். ஆகவே அழுகைத் தொனி எழுதிக் கொடுத்தவருடையது. அதை வைத்து மனுதாரர் பொய் சொல்கிறார் என்றோ, அடிமைப் புத்தி என்றோ முடிவு செய்வது அநியாயம்.

மனுதாரரின் குரலைக் கேட்க வேண்டுமானால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, நடுவே வரும் விவரங்கள்: எத்தனை பிள்ளைகள், எந்த மாதம் விதைக்கு வைத்த உருளைக்கிழங்கைத் தின்று தீர்த்தார்கள், எந்தச் சாலையில் எத்தனை நாள் வேலை செய்தார்கள், எவ்வளவு கூலி நிற்கிறது. இவற்றை எழுதிக் கொடுப்பவர் வழக்கமான சூத்திரத்திலிருந்து எடுக்க முடியாது. இன்னொன்று, கடைசிப் பத்தியில் வரும் கோரிக்கை. என்ன கேட்கிறார்கள்?

1822க்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். 1821 இலையுதிர் காலத்தில் விடாமல் பெய்த மழையில் கிழங்கு நிலத்திலேயே அழுகியது. அடுத்த வசந்தத்தில் மேற்கிலும் தெற்கிலும் பஞ்சம், கூடவே காய்ச்சல். ஆனால் தானியம் நாட்டில் இருந்தது. கிழங்கை விளைவித்து அதையே தின்று வாழ்ந்த குடும்பத்துக்குக் கையில் காசு என்று ஒன்று கிடையாது. அதனால் ஓட்ஸ் மாவு சந்தையில் இருந்தும் வாங்க வழியில்லை. உணவுத் தட்டுப்பாட்டைவிட வாங்கும் சக்தி இல்லாததே காரணம் என்று 1823இல் நாடாளுமன்றக் குழுவே சொன்னது. அதைத் தெரிந்துகொண்டு மனுக்களைப் படித்தால், வேலை கொடுங்கள், எங்கள் ஊருக்குச் சாலை போடுங்கள் என்று ஏன் கேட்கிறார்கள் என்பது புரியும். ஏழைகள் தங்கள் நிலைமையைச் சரியாகவே கணித்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கோரிக்கை வரிகள் சாட்சி. அரசு அந்தப் பக்கத்துப் பணிகளுக்குப் பொறியாளர் அலெக்ஸாண்டர் நிம்மோவை அனுப்பியது. கால்வேயின் மேற்கிலுள்ள கன்னமாராவின் சாலைகளும் படகுத்துறைகளும் பல அவர் பெயரோடு சேர்ந்தவை. கூலிப் பாக்கி பற்றிய மனு கிடைத்தால், பொறியாளர் தரப்பு விளக்கம் அதே கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பிரச்சினையின் இரு பக்கமும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

எண்ணிக்கைகளில் எச்சரிக்கை தேவை. இந்தப் பாரிஷில் இத்தனை ஆயிரம் பேர் பட்டினி என்று நிவாரணக் குழு எழுதினால், 1821 கணக்கெடுப்பின் அச்சிட்ட தொகைகளோடு ஒப்பிடுங்கள். படிவங்கள் எரிந்தாலும் தொகைகள் நூலகத்தில் உண்டு. உங்கள் நல்லகாலம், கால்வேயின் சில பகுதிகளுக்கு, அரான் தீவுகள் உட்பட, படிவங்களே எஞ்சியிருக்கின்றன. எழுதிய தேதியையும் பாருங்கள். மே, ஜூன், ஜூலைதான் பழைய கிழங்கு தீர்ந்து புதுக்கிழங்கு வராத மாதங்கள். அதே வரி மே மாதத்தில் எழுதப்பட்டால் ஒரு பொருள், புதுக்கிழங்கு வந்த பிறகு எழுதப்பட்டால் வேறு பொருள். கத்தோலிக்கக் குருவும் புராட்டஸ்டன்ட் பாதிரியாரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். மற்ற விஷயங்களில் எதிரெதிரே நின்ற இருவர் ஒரு விவரத்தில் ஒத்துப்போனால் அதற்கு எடை அதிகம்.

தொழில்நுட்பமாகச் சில. 1826 வரை அயர்லாந்துக்குத் தனி நாணயக் கணக்கு. 13 ஐரிஷ் பவுண்டு 12 பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம். ஆகவே கூலி எந்தக் கணக்கில் சொல்லப்படுகிறது என்று பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். ஐரிஷ் மைல் 2,240 கெஜம், ஐரிஷ் ஏக்கர் சாதாரண ஏக்கரைப்போல் 1.62 மடங்கு. தேதிக்குப் பக்கத்தில் 'இன்ஸ்ட்' என்றிருந்தால் நடப்பு மாதம், 'அல்ட்' என்றிருந்தால் போன மாதம். இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் முதல் எழுத்தை நீட்டி எழுதுவார்கள், பார்க்க 'எஃப்' அல்லது 'பி' போல இருக்கும். ஒரு வாரம் கண் பழகினால் சரியாகிவிடும்.

அப்புறம், அந்தக் கட்டில் மனுக்களுக்கு நடுவே மாஜிஸ்திரேட்டுகளின் கலவர அறிக்கைகளும், விவசாயக் கிளர்ச்சியாளர்கள் 'கேப்டன் ராக்' என்ற புனைபெயரில் கையெழுத்திட்ட மிரட்டல் கடிதங்களும் வரலாம். 1821இல் லிமெரிக்கின் மேற்கே தொடங்கிய அந்தக் கிளர்ச்சி மற்ற தென் கவுண்டிகளுக்கும் பரவியது. பஞ்சத்தை மட்டும் எழுதுகிறோம் என்று அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். கோட்டை அதிகாரிகள் இரண்டையும் ஒரே மேசையில், ஒரே வாரத்தில் படித்தார்கள். ஒரு பாரனிக்கு மாவு மூட்டை போனதா, படைவீரர்கள் போனார்களா என்ற முடிவில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

பதில் கடிதங்கள் மனுவோடு எப்போதும் இருக்காது. வெளியே போன கடிதங்களின் நகல்கள் தனிப் பதிவேடுகளில் இருக்கும், காப்பகத்தில் கேளுங்கள். கௌல்பர்னின் சொந்தத் தாள்கள் இங்கிலாந்தில் சர்ரே கவுண்டி ஆவண மையத்தில் இருக்கின்றன. மனுவில் சொல்லாததை கோட்டை அதிகாரிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அங்கே போக வேண்டும். நேரம் இல்லை என்றால் அதை விட்டுவிடலாம்.

லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1822இல் லண்டன் டேவர்ன் குழு அயர்லாந்து நிவாரணத்துக்காக மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. செலவு போக மிஞ்சிய பணத்தில் சிறு கடன் நிதி ஒன்று தொடங்கி, பஞ்சம் பட்ட மேற்கு, தெற்குக் கவுண்டிகளில் விவசாயிகளுக்கும் கைத்தொழிலாளர்களுக்கும் கடன் கொடுத்தார்கள். கால்வேயும் அதில் ஒன்று. கடன் வாங்கியவர், ஜாமீன் நின்றவர் பெயர்கள் ஊரோடு, கியூவில் உள்ள அந்த நிதியின் பதிவேடுகளில் இருக்கின்றன. பிஷப் தெருவில் நீங்கள் எடுத்த மனுதாரர் பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயர் பலருக்கு இருக்கும் என்பதால் டவுன்லாண்டும் பொருந்தினால் மட்டுமே ஒரே ஆள் என்று எழுதுங்கள். டப்ளின் காப்பகத்தில் வாசகர் அட்டை இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள், உள்ளே பென்சில் மட்டும்தான் அனுமதி.