பெரிய நிலநடுக்கம் முடிந்ததும் தரையில் விழுந்த வெடிப்புகளை நிலவியலாளர்கள் ஏன் ஓடி ஓடி அளக்கிறார்கள்? நம் கோவைப் பக்கம் அப்படி நிலம் பிளக்குமா?

நிலவியல் படித்த காங்கேயத்துக்காரன் நான், வேலியில்தான் தொடங்குவேன். எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி நூல் பிடித்தது போல ஓடும். நிலப்பிளவு, அதாவது இரு பக்கப் பாறையும் ஒன்றையொன்று விட்டு நகரும் முறிவு, அதன் குறுக்கே போய், ஒரு பக்கத்து மண் பக்கவாட்டில் நகர்ந்தால், வேலி இரண்டு துண்டாகித் தள்ளித் தள்ளி நிற்கும். இரு முனைகளுக்கும் இடையே நாடா பிடித்தால் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் பாயிண்ட் ரேயஸ் அருகே ஒரு பண்ணை வேலி சுமார் 5 மீட்டர் விலகியது. பாறை நெடுங்காலம் வில்லாக வளைந்து, ஒருநாள் தாங்காமல் பிளவின் வழியே சறுக்கி நிமிர்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ரீட் 1910இல் விளக்கியதற்கு இத்தகைய வேலிகளும் நில அளவைகளுமே ஆதாரம்.

ஓட்டமாக ஓடுவது ஏன் என்றால், சாட்சி நிற்காது. விவசாயி உழுதுவிடுவார், ரோட்டுக்கு ஒட்டுப் போட்டுவிடுவார்கள், ஒரு நல்ல மழை விளிம்பையெல்லாம் கரைத்துவிடும். பிளவு முகத்தில் விழும் உரசல் கீறல்கள் எந்தத் திசையில் சறுக்கியது என்பதைச் சொல்லும். அவையும் சீக்கிரம் அழியும். 2023 பிப்ரவரியில் துருக்கியில் 7.8 அளவில் அதிர்ந்தபோது, பிளவு 300 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்தது. மொத்த நீளத்தைச் செயற்கைக்கோள் காட்டிவிடும். ஆனால் ஒரு வயலுக்குள் கீறல் எப்படிக் கிளை பிரிந்தது என்பதைக் கால் நடந்துதான் பார்க்க வேண்டும்.

வெடிப்பெல்லாம் பிளவல்ல. மாணவனாக இருந்தபோது பல்லடம் பக்கம் கரிசல் காட்டில் கண்ட கோடை வெடிப்பைப் பெருமையோடு குறிப்பேட்டில் வரைந்து வைத்தேன். அப்புச்சியிடம் காட்டினேன். "மழை பெய்தால் மூடிக்கொள்ளும், கண்ணு" என்றார், அவ்வளவுதான். அதே துருக்கியில், தெபெஹான் என்ற ஊரின் ஆலிவ் தோப்பை இரண்டாக்கிய பெரும் பள்ளத்தின் படம் உலகெங்கும் சுற்றியது. அது பிளவு அல்ல, அதிர்ச்சியில் சரிந்த நிலம். 2001 குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில் முதன்மைப் பிளவு மேலே வரவேயில்லை. கட்ச் சமவெளியில் கண்ட வெடிப்புகளில் பல, ஈர மணல் குழம்பாகி மேல்மண் நழுவியதால் வந்தவை.

பிறகு பிளவின் குறுக்கே குழி வெட்டுவார்கள். நம் கிணற்றுச் சுவரில் செம்மண், சுக்கான், பாறை என்று அடுக்குத் தெரியுமே, அதேதான். ஒரு அடுக்கு எந்த ஆழத்தில் அறுபட்டிருக்கிறது, அதற்கு மேல் எது அறுபடாமல் இருக்கிறது என்று பார்த்து, அங்குள்ள கரித்துண்டின் வயதைக் கணித்தால் முந்தைய நிலநடுக்கம் எப்போது வந்தது என்பதைச் சொல்லலாம்.

கோவைக்கு வருவோம். 1900 பிப்ரவரி 8இல் சுமார் 6 அளவில் இங்கே குலுங்கியிருக்கிறது. மோயாறு, பவானி வழியாகப் போகும் பழங்கால வெட்டு மண்டலங்கள், அதாவது பாறைகள் நசுங்கி நழுவிய பட்டைகள், பூமியின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருவான தழும்புகள். வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே அது இன்று உயிரோடிருக்கும் பிளவு ஆகிவிடாது. அதற்காக நம் பழம்பாறை அசையாது என்றும் சொல்ல மாட்டேன். 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவு நிலநடுக்கம் ஒரு மீட்டருக்கும் குறைந்த சிறு மேடுகளைத்தான் தரையில் எழுப்பியது. ஆனால் விடியற்காலையில் கனத்த கல்வீடுகள் சரிந்து ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். என்னைக் கேட்டால், நிலம் பிளக்குமா என்பதைவிட வீட்டுச் சுவரைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

உங்கள் காட்டில் வெடிப்பு விழுந்திருந்தால் முதல் மழை வரை பொறுங்கள். மூடாமலிருந்து, வேலியும் விலகி நின்றால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.