மொழி தெரியாமல் பார்த்த மால்குடி டேஸ்

"மால்குடி டேஸ் தொடரை இப்போதுதான் பார்க்கப்போகிறேன். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. மிகச் சிறந்த பகுதிகள் என்று எவற்றைச் சொல்வீர்கள்?" என்பது கேள்வி.

எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் இந்தத் தொடரைப் பார்த்தபோது எனக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் தெருவிலும் யாருக்கும் தெரியாது. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, பாமணியாற்றை ஒட்டிய ஊர். தெருவுக்கே ஒரு டிவி. வாத்தியார் வீட்டு டயனோரா, கருப்பு வெள்ளை, இழுத்து மூடுகிற ஷட்டர் வைத்தது. அந்தத் "தானனத் தானானா" இசை கேட்டதுமே தெருப்பிள்ளைகள் எல்லாம் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவோம். என் அப்பாயி தூணில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, திரையில் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தானாகவே வசனம் சொல்லும். பின்னாளில் அசல் கதைகளைப் படித்தபோது, அப்பாயி சொன்ன வசனங்களில் பாதிக்கு மேல் சரியாக இருந்ததைக் கண்டு அசந்துபோனேன். எனவே என் கணக்கு இதுதான்: ஒரு வார்த்தை புரியாமல் பார்த்தும் எந்தப் பகுதிகள் நெஞ்சில் நின்றனவோ, அவைதான் சிறந்தவை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆர்.கே. நாராயணின் கதைகளை வைத்து சங்கர் நாக் இயக்கி 1986-ல் தூர்தர்ஷனில் வந்தது. கன்னடத்து நடிகர். 1990-ல் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு 35 வயதுதான். தலைப்பில் வரும் கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் போட்டவை. இசை எல். வைத்தியநாதன், நம் 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்தவரேதான். படம் பிடித்த இடம் பெரும்பாலும் கர்நாடகத்தின் ஆகும்பே. அந்த மழையும் ஓட்டு வீடும் பார்த்து எங்கள் தெருவில் எல்லோரும் அதைக் கும்பகோணத்துப் பக்கம் எடுத்தது என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

என் முதல் தேர்வு 'குதிரையும் இரண்டு ஆடுகளும்'. முனி என்கிற ஏழைக் கிழவன். ஒரு காலத்தில் மந்தையே வைத்திருந்தவனிடம் இப்போது இரண்டே ஆடு. ஊர் எல்லையில் ஒரு மண்குதிரைச் சிலை, அதன் நிழலில் படுத்திருக்கிறான். பெட்ரோல் தீர்ந்துபோன வண்டியோடு ஒரு அமெரிக்கர் வந்து நிற்கிறார். அவருக்குச் சிலை வேண்டும். முனியைச் சிலையின் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொள்கிறார். முனிக்கோ அவர் போலீஸோ என்று பயம். பயம் தெளிந்ததும் குதிரையைப் பற்றியும் கல்கி அவதாரம் பற்றியும் தன் பாட்டுக்குக் கதை சொல்கிறான். அவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறார். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியவே இல்லை. கடைசியில் 100 ரூபாய் கைமாறுகிறது. அவர் குதிரைக்குக் கொடுத்தார், இவன் ஆடுகளுக்கு வாங்கினான்.

அசல் கதையில் முனி பேசுவது தமிழ். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'எஸ்', 'நோ' என்ற இரண்டே சொல். அந்தத் தமிழ்க் கிழவன் டிவியில் ஹிந்தி பேசினான், வெள்ளைக்காரர் இங்கிலீஷ் பேசினார், எங்களுக்கு இரண்டுமே தெரியாது. அப்படியிருந்தும் அவர்கள் இருவருக்கும் புரியாதது வாத்தியார் வீட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. இதைவிட ஒரு இயக்குநருக்கு என்ன பாராட்டு வேண்டும்? எங்கள் ஊர் எல்லையிலும் அய்யனார் கோயில் வாசலில் கண் பிதுங்கிய மண்குதிரைகள் இரண்டு நிற்கின்றன. ரூபாய் நோட்டு கைமாறிய நொடியில் அப்பாயி உரலை நிறுத்திவிட்டு, "அடப்பாவி, அய்யனாரு குதிரையை வெல பேசுறானேடா, ஊரு விளங்குமா?" என்று கத்தியது. எல்லோரும் சிரித்தோம். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில், குதிரைகள் அங்கேதான் நிற்கின்றனவா என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அடுத்தது தபால்காரர் தானப்பாவின் கதை, 'வராத தபால்'. தெருவில் ஒவ்வொரு வீட்டின் நல்லது கெட்டதும் அவருக்குத் தெரியும். ராமானுஜத்தின் மகளுக்கு வரன் அமைய அவரே யோசனை சொல்கிறார். கல்யாண நாளை விட்டால் இனி முகூர்த்தம் கிடைக்காது, மாப்பிள்ளையும் கிளம்பிவிடுவார் என்ற நிலை. அந்த நேரம் பார்த்து சேலத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று கார்டு வருகிறது, பின்னாலேயே சாவுச் செய்தி தந்தியில். தானப்பா இரண்டையும் பையிலேயே வைத்துக்கொள்கிறார். கல்யாணம் முடிந்த பிறகு கொண்டுவந்து கொடுத்து, வேலை போனாலும் சரி, புகார் எழுதுங்கள் என்கிறார். ராமானுஜம் புகார் எழுதவில்லை. நீங்கள் இதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

சாவுச் செய்தி வந்த கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் திண்ணையிலேயே படித்துக் கிழித்துப் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் இருந்தது. ஓரத்தில் கருப்பு மை தடவிய கார்டைத் தபால்காரர் கையில் பார்த்தாலே தெருப் பெண்கள் தலையில் கை வைத்துவிடுவார்கள். அதனால் இந்தக் கதைக்கு மொழியே தேவைப்படவில்லை. தானப்பா முகமும் பையும் போதும். ஆனால் அவர் செய்தது சரியா என்பதில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. "பொண்ணு கழுத்துல தாலி ஏறணும், செத்தவரு ஒண்ணும் திரும்பி வரப்போறதில்ல" என்பது அப்பாயியின் கட்சி. "கடைசியா மொகம் பாக்குற பாக்கியத்த அடுத்தவன் பறிக்கலாமாம்மா?" என்பது அப்பாவின் கட்சி. நான் அப்போது அப்பாயி பக்கம். அப்பாவை அடக்கம் செய்தபின் ஊர் போய்ச் சேர்ந்தவன் என்ற முறையில், இன்று அப்பா பக்கம். இந்தியாவில் தந்தி சேவையை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்குத் தந்தி என்றால் என்னவென்று சொல்லித்தான் இந்தப் பகுதியைக் காட்டவேண்டும். ஆனாலும் காட்டுங்கள்.

இனி 'லீலாவின் சிநேகிதன்'. இதைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் இந்தப் பதில் முழுதாகாது. லீலா ஐந்து வயதுக் குழந்தை. வீட்டு வேலைக்குச் சேர்ந்த சித்தா அவளுக்கு உயிர். பந்தை மேலே எறிந்து பிடித்துவிட்டு, அது நிலாவைத் தொட்டுவிட்டு வந்தது என்பான், அவளும் நம்புவாள். ஒருநாள் லீலாவின் தங்கச் சங்கிலியைக் காணோம். சித்தாவையும் காணோம். ஏற்கெனவே சிறைக்குப் போய்வந்தவன் என்று தெரிகிறது. போலீஸ் பிடிக்கிறது. அவன் எடுக்கவில்லை என்று குழந்தை மட்டும் அழுகிறாள். சில நாள் கழித்து, புளி எடுக்கப் பானைக்குள் கைவிட்ட அம்மாவின் விரலில் சங்கிலி வருகிறது. விளையாட்டாகப் போட்டது குழந்தைதான். சங்கிலி கிடைத்த பிறகும் அப்பா சொல்வது: எப்படியும் அந்த மாதிரி ஆளை வீட்டில் வைத்திருக்க முடியாது.

எங்கள் வீட்டில் மாடு மேய்க்கப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவன். என் தங்கையை வரப்பில் தோளில் தூக்கிக்கொண்டு போவான். ஒரு பொங்கலுக்குப் பிறகு தங்கையின் ஒற்றைக் கால் வெள்ளிக் கொலுசு காணாமல் போனது. யாரும் அவனை அடிக்கவில்லை, போலீஸுக்கும் போகவில்லை. மாட்டுக் கொட்டகையில் நிற்க வைத்து, "எடுத்திருந்தா குடுத்துடுறா" என்று மூன்று முறை கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்டவர்களில் அப்பாயியும் ஒன்று. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. ஆடி மாதம், வைக்கோல் போர் கரைந்து அடித்தட்டு தெரிந்தபோது, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிய அப்பாயியின் கையில் கொலுசு வந்தது. அறுப்பு முடிந்து போர் போட்ட நாளில் தங்கை அங்கேதான் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அன்று மதியமே அப்பாயி வெயிலில் நடந்து அவன் வீட்டுக்குப் போனது. அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது. தங்கைக்கு அந்தக் கொலுசை அதற்குப் பிறகு போடவே விடவில்லை.

இது நடந்து ஒரு வருடம் கழித்துத்தான் அந்தப் பகுதியைப் பார்த்தோம். புளிப்பானைக்குள் கை போனபோதே அப்பாயிக்குத் தெரிந்துவிட்டது. அன்று மட்டும் அது வசனம் சொல்லவில்லை. இடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்ளாமல் உரலோடு எழுந்து, கூட்டத்தைத் தாண்டி வாசல் வழியாக இருட்டில் போய்விட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். "நீ போயி பாருடா தம்பி" என்றது. வீட்டுக்குப் போய், விளக்குப் போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

மற்றவை பற்றி வேகமாகச் சொல்கிறேன். பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலிடம் கொடுப்பது 'ஒரு வீரன்' பகுதிக்கு. அப்பாவின் சவாலுக்காகச் சுவாமி என்ற சிறுவன் அலுவலக அறையில் தனியாகத் தூங்கப்போய், பயத்தில் ஒருவன் காலைக் கடித்துத் திருடனைப் பிடித்துக் கொடுப்பான். சுவாமியாக வரும் மாஸ்டர் மஞ்சுநாத்தின் முழித்த கண்களும் அப்பாவாக வரும் கிரீஷ் கர்நாடின் கண்டிப்பும் அற்புதம்தான். குழந்தைகளோடு பார்க்கிறீர்கள் என்றால் இதிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் என் கணக்கில் இது நான்காவது. 'சுவாமியும் நண்பர்களும்' பகுதிகளில் சுவாமியின் நண்பன் ராஜம் ஊரை விட்டுப் போகும் ரயில் நிலையக் காட்சியை மட்டுமாவது விடாதீர்கள். அனந்த் நாக் நடித்த 'மிட்டாய்க்காரர்' பல பகுதிகளாக நீள்கிறது. காந்தியவாதி அப்பாவுக்கும் அமெரிக்கா போய்வந்த மகனுக்கும் இடையில் சுவர் எழும்புவதை நிதானமாகச் சொல்கிறது. மகன் வெளிநாட்டில் இருக்கும் டெல்டாவின் எத்தனையோ வீடுகளில் இன்று அது வேறு மாதிரி ஒலிக்கும். அதற்குப் பொறுமை வேண்டும், வசனமும் புரியவேண்டும். அதனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் கவிதா லங்கேஷ் இயக்கிப் புதிதாக வந்தவற்றைப் பழையவற்றில் நன்றாக ஊறிய பிறகு பார்த்தால் போதும்.

இன்று இரவு ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், 'மாதம் நாற்பத்தைந்து ரூபாய்' பாருங்கள். சாந்தா என்ற சின்னப் பெண். சாயங்காலம் சினிமாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நல்ல கவுன் போட்டு, தலை வாரிக்கொண்டு, வாசலில் நிற்கிறாள். அப்பாவை அலுவலகம் விடவில்லை. இன்றைக்கு வேலையையே விட்டுவிடுகிறேன் என்று ராஜினாமா எழுதப் போனவரிடம், சம்பளத்தில் 5 ரூபாய் கூட்டியிருக்கிறோம் என்கிறார்கள். நாற்பது நாற்பத்தைந்தாகிறது. கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு மறுபடியும் வேலையில் உட்காருகிறார். வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது. குழந்தை கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து, கசங்கிவிடும் என்று படுக்கவும் மாட்டேன் என்றிருந்து, அப்படியே தூங்கிப்போயிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் குழந்தை இருந்தால், அது விழித்திருக்கும்போதே பாருங்கள்.