பாய் இழைத்தால் மனம் ஆறுமா, டொக்டர்?

கேள்வி: எனக்கு வயது 49. 1990 இல் போரால், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, மட்டக்களப்பு நகரப் பக்கமே தங்கிவிட்டோம். கணவர் கட்டாரில், மகள் கொழும்பில் வேலை. பகல் எப்படியோ போய்விடும். இரவில் ஒரே யோசனை, நெஞ்சுப் படபடப்பு, நித்திரை இல்லை. மனச்சோர்வு என்று சொல்லி ஐந்து மாதமாகக் கிளினிக்கில் குளிசை தருகிறார்கள். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. மகள் வர்ணம் தீட்டும் கொப்பியும் கலர்ப் பென்சிலும் அனுப்பி, “கீறுங்கோ அம்மா, மனம் ஆறும்” என்கிறாள். எனக்குக் கீற வராது. சின்ன வயதில் அம்மாவோடு இருந்து பன்பாய் இழைத்தது மட்டும்தான் தெரியும். கலையால் மனம் சுகப்படும் என்பது உண்மையா? உண்மை என்றால் குளிசையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. குளிசையை விடாதீர்கள். மனச்சோர்வுக்கான குளிசைகளை, சுகம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்வதே வழக்கம். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம் வரலாம், பழைய சோர்வும் திரும்பிவிடலாம். குறைக்கும் காலம் வந்தால் உங்கள் வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார்.

இனி உங்கள் பாய்க்கு வருவோம். கடிதத்தில் “அதுமட்டும்தான் தெரியும்” என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது.

யோசனை ஏன் இரவில் வருகிறது? பகலில் கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. படுக்கையில் இரண்டும் சும்மா இருக்க, மூளை தன்பாட்டில் பழையதைக் கிளறும், நாளையைப் பற்றிப் பயப்படும். ஒரே நேரத்தில் மனம் பிடித்து வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் கொஞ்சம்தான். ஆகவே கண் பார்த்து, கை செய்து, மனம் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு வேலை வந்துவிட்டால் கவலைக்கு மிஞ்சும் இடம் குறைந்துபோகும். பன்புல் முறியாமலிருக்க லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒன்றை மேலே விட்டு ஒன்றைக் கீழே வாங்கி, சிவப்புச் சாயம் போட்ட இழை எத்தனையாவதில் வரவேண்டும் என்று எண்ணி, பிசகினால் பிரித்து மறுபடி போடுகிறீர்கள் அல்லவா? அந்த நேரம் கட்டார் நினைப்பு வரும். வந்த நினைப்பை அதன்பாட்டில் விட்டுவிட்டு, விரல் மறுபடி இழைக்குத் திரும்பும். இந்தத் திரும்புதலைத்தான் உங்கள் மகளின் வயதுக்காரர் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்கிறார்கள். 1979 இல் அமெரிக்காவில் ஜோன் கபட்-சின் என்பவர், மாறாத வலியோடு வந்த நோயாளருக்கு மூச்சைக் கவனிக்கும் பயிற்சியாக இதைக் கற்பிக்கத் தொடங்கினார். மூச்சைக் கவனித்தால் படபடப்புக் கூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கையில் ஒரு வேலை இருப்பது பெரிய உதவி. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்க முடியாமல் தவித்த ஒரு மீனவர், வலை பொத்தும்போது ஒரு மணித்தியாலம் அமைதியாக இருந்துவிடுவார். அதையே அவருக்கு மருந்தோடு சேர்த்து எழுதினேன்.

“கீற வராது” என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். 2016 இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேருக்குக் களிமண், பேனை, ஒட்டுக் கடதாசி கொடுத்து, 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு கூடும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு, உமிழ்நீரில் குறைந்திருந்தது. முன்பின் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று இதில் வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்துப் பெரிதாகச் சொல்லமாட்டேன். ஆனால் 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, 3,000 க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட அறிக்கையும், கலை உடலுக்கும் மனதுக்கும் துணைநிற்கிறது என்றே சொல்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. கூத்துப் பழகும் ஊரில் இருந்தவருக்குத் தெரியும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுத்த, அதாவது ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாகத்தைப் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில், பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் இரவில் கூத்தாடும் களரிக்கு வந்துவிடுவார்கள். மத்தளத்துக்குக் கால் வைக்கவேண்டும், தரு என்ற கூத்துப் பாட்டுக்குப் பிற்பாட்டுப் பாடவேண்டும், பக்கத்தில் ஆடுகிறவனோடு சேரவேண்டும். தனியாக இருந்து செய்வதைவிட நாலு பேரோடு செய்யும் கலை ஒரு படி மேல் என்று நான் நம்புவது இதை எல்லாம் பார்த்துத்தான். உங்களுக்கும் அதையே சொல்வேன்: பக்கத்து வீட்டில் பாய் இழைக்கத் தெரிந்த ஒரு மாமியோ பெரியம்மாவோ இருந்தால், பின்னேரம் அவரோடு போய் இருங்கள். தனிமைதான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 90 ஐ நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அது சின்ன வரியாகத் தெரியவில்லை. இழைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் முகம், ஓடிவந்த பாதை எல்லாம் சேர்ந்து வரலாம். கண்ணீர் வந்தால் வரட்டும். ஆனால் அந்த நாளுக்குள்ளேயே மறுபடி நிற்பதுபோல உடம்பு நடுங்கினால் பாயை வைத்துவிட்டு எழுந்து, முகம் கழுவி, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். அந்த நினைவுகளைத் தனியாக இருந்து படமாகக் கீறிப் பார்க்கவேண்டாம். பயிற்சி உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யவேண்டிய வேலை அது. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் ஒன்றாக விளையாடினார்கள். கூடவே பழக்கப்பட்ட பெரியவர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

செய்முறை சுலபம். பின்னேரம் விளக்கு வைத்த பிறகு அரை மணித்தியாலம் போதும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். முழுப்பாய் வேண்டாம், ஒரு சின்னத் தடுக்கில் தொடங்குங்கள். பன் கிடைக்காவிட்டால் பனையோலை, அதுவும் இல்லாவிட்டால் மகள் அனுப்பிய கொப்பி. விற்பதற்கென்று ஓடர் எடுக்காதீர்கள், இப்போதைக்கு நாள் குறித்த வேலை உங்களுக்கு ஆகாது. படுக்கும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே எடுத்துவைத்துவிட வேண்டும்.

சாப்பாடு வெறுத்து, எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு அந்தத் தடுக்கையும் பையில் வைத்துக் கொண்டுபோங்கள், பாதியில் நின்றிருந்தாலும் பரவாயில்லை. எந்த நாள் எத்தனை வரி இழைத்தீர்கள், அன்றிரவு எத்தனை மணிக்கு நித்திரை வந்தது என்று உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.