இன்ஜின் சந்தேகமா? பழைய எஸ்யூவி வாங்குமுன் கேட்ட கேள்விகள்

கோயம்புத்தூரில் இருபது வருடமாக டீசல் இன்ஜின்களைக் கழற்றி மாட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு. "இந்த வண்டியை வாங்கலாமா?" என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஈரோடு: அண்ணா, 2013 எக்ஸ்யூவி 500, 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. ஒரு கன்சல்டிங்கில் நிற்கிறது. மார்க்கெட் விலையைவிட ஒரு லட்சம் குறைத்துச் சொல்கிறார்கள். இன்ஜினில் லேசாகச் சத்தம் வருகிறது. கேட்டால் "எல்லா டீசலும் இப்படித்தான் சார்" என்கிறார்கள். எடுக்கலாமா?

அந்தச் சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள் தம்பி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று வந்து அடங்கினால் டைமிங் செயினையோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையோ சந்தேகப்படலாம். நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் மாறினால், கிளட்ச், ஃப்ளைவீல் பக்கம்தான் வேலை. அதுவும் மலிவு இல்லை, ஆனால் இன்ஜினைத் திறக்க வேண்டாம். மேட்டில் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று கேட்டு, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க வேகமாகிறதா? அது பேரிங். அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

காலை ஸ்டார்ட்டில் வரும் அந்தச் சத்தம் ஆறிக்கிடந்த இன்ஜினில்தான் தெரியும். வருகிறேன் என்று நேரம் சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் போகும்போது வண்டி சூடாக நின்றுகொண்டிருக்கும். சொல்லாமல் காலையிலேயே போய் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, மறுநாள் போங்கள். இரண்டாம் நாளும் சூடாக இருந்தால் மூன்றாம் நாள் போக வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ஒரு லட்சம். இன்ஜின் முழுசாக வேலை வாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் போர், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை, லேத் கூலி, இத்தனைக்கும் உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு எஸ்டிமேட் வாங்குங்கள். டர்போவும் இன்ஜெக்டரும் அதில் தனி வரியாக இருக்க வேண்டும். அந்தத் தொகையை வண்டி விலையோடு கூட்டியும் நல்ல வண்டியின் விலைக்குக் கீழே நின்றால் பேசலாம். இந்த வண்டியில் ஒரு லட்சம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இன்ஜின் நல்லதா கெட்டதா என்று விற்கிறவரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், கெட்டது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தஞ்சாவூர்: பேக் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். இன்ஜின் சூடானதும் ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆவி வருவது டர்போ டீசலுக்குச் சகஜம். மூடி துள்ளி விழுந்தாலோ, புகை குபுகுபுவென்று அடித்தாலோ, சிலிண்டரில் இருக்க வேண்டிய காற்று பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் அடைத்திருந்தாலும் இதே ஆட்டம்தான் வரும். அது சின்னச் செலவு. "இன்ஜின் போச்சு" என்று சொல்லப்பட்டு என்னிடம் வந்து, பிரீதரைச் சுத்தம் செய்து போன வண்டிகளும் உண்டு.

சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். மொத்த அளவைவிட, நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வருகிறதா என்பதுதான் முக்கியம். மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் கோளாறு. ஸ்கேனர் போடும்போது இன்ஜெக்டர் கரெக்‌ஷன் அளவுகளையும், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதையும், பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னை: 2014 எக்கோஸ்போர்ட், 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோல். ஒரே ஓனர், 55,000 கிலோமீட்டர்தான். இன்ஜின் பற்றிப் பலரும் பலவிதமாகப் பயமுறுத்துகிறார்கள்.

பயத்தில் நியாயம் இருக்கிறது சார். இந்த மூன்று சிலிண்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. நாளாக ஆக, அல்லது சொன்ன தரத்தில் இல்லாத ஆயில் ஊற்றினால், அந்த ரப்பர் நைந்து துகள் துகளாக உதிரும். துகள் போய் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தால் ஆயில் பிரஷர் விழும். முதலில் டர்போ, பிறகு இன்ஜினே. வெளியில் ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கிற காரியம் இது.

ஓட்டம் குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள். ரப்பருக்கு வயது ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டர் ஓடாவிட்டாலும். பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா, எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று சர்வீஸ் பில்லில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றி வடிகட்டியைப் பார்க்க ஓனர் சம்மதிக்க வேண்டும். ஃபோர்டு கம்பெனி 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, அதனால் உதிரிபாகம் கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பெல்ட் வேலைக்கு விலையில் குறைத்துக்கொடுத்தால் மட்டும் யோசியுங்கள். அதே வண்டியில் 1.5 டீசல் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

திருநெல்வேலி: இன்ஜின் பகுதி புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. நல்ல அறிகுறிதானே?

கழுவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆயில் கசிவு எங்கே என்று தெரியாமல் போய்விடும். அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பில் காட்டாமல் "நேத்துதான் ஆயில் மாத்தினோம்" என்றாலும் சந்தேகப்படுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால் சில சத்தங்கள் கொஞ்ச நாளைக்கு அடங்கும்.

வேலூர்: தில்லி வண்டி, ஃபார்ச்சூனர் 3.0. இங்கே விற்பதைவிட மிகக் குறைவு.

தலைநகர் வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை வந்ததால்தான் அங்கே விலை விழுந்தது. அதனாலேயே இன்ஜின் கெட்டது என்று ஆகிவிடாது. ஆனால் என்ஓசி, இங்கே மறுபதிவு, வரி எல்லாம் கூட்டிய பிறகும் மலிவா என்று ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். மீட்டரை நம்பாமல் சர்வீஸ் வரலாற்றைப் பாருங்கள். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட். மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர்: வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் 2015-க்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இப்படிப்பட்ட வண்டிகள் நிறைய ஊர் மாறின. சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசிவரை இழுங்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கறை இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் துருவைப் பாருங்கள். இன்சூரன்ஸ் க்ளைம் எடுத்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்திருந்தால்தான் பெரிய ஆபத்து. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடு வண்டி சில மாதம் ஓடவும் செய்யும், பிறகு ஒருநாள் ஹைவேயில் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கம்ப்ரஷன் டெஸ்டில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், இதையும் மனதில் வையுங்கள்.

பொள்ளாச்சி: அண்ணே, 20,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இப்போது மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் என்கிறார். அட்வான்ஸ் திரும்ப வராதாம்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தால், அல்லது தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால், மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அந்தக் கேஸ்கெட்டின் விலை ஒன்றும் பெரிசில்லை. ஹெட் வளைந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்பது கழற்றிய பிறகுதான் தெரியும். தெரியாத அந்தச் செலவை விற்கிறவர் ஏற்கட்டும். அவர் செலவில் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் காட்டி, பில்லோடு சரிசெய்து தரட்டும், இல்லை விலையைக் குறைக்கட்டும். இரண்டுக்கும் மாட்டேன் என்றால் 20,000 போனது போகட்டும். நானும் ஒருமுறை அட்வான்ஸ் போய்விடுமே என்று ஒரு வண்டியை எடுத்து, அதன் ஹெட்டை இரண்டு தடவை இறக்கி ஏற்றினேன், என் சொந்தப் பட்டறையிலேயே.