இரட்சிக்கப்பட்டேனா என்ற சந்தேகம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: பாவமன்னிப்பு ஜெபம் சொல்லி ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன், ஞானஸ்நானமும் எடுத்தேன். ஆனால் அன்று உண்மையாகவே விசுவாசித்தேனா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அதே ஜெபத்தை மறுபடி சொல்கிறேன். இரண்டு நாள் நிம்மதி, பிறகு பழையபடிதான். மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்றும் பயம். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த ஜெபத்தை மறுபடி சொல்வதை நிறுத்துங்கள். சந்தேகத்துக்குத் தீனி போடுவதே அதுதான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும், போன தடவை சொன்னது செல்லாது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். அப்புறம் இந்தத் தடவை சொன்னது மட்டும் எப்படிச் செல்லும்?

கிறிஸ்து செய்து முடித்ததை விட்டுவிட்டு, உங்கள் விசுவாசம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறீர்கள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் மகனைக் கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையன் குணமானான். ஆகவே ‘அன்று சரியாக விசுவாசித்தேனா’ என்று தோண்டாதீர்கள். ‘இன்று யாரை நம்பியிருக்கிறேன்’ என்று கேளுங்கள். ‘இயேசுவைத்தான்’ என்பது பதிலானால், மனந்திரும்பிய தேதியே நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த நிச்சயத்துக்காகவே எழுதப்பட்டது யோவானின் முதலாம் நிருபம் (5:13). ஐந்தே அதிகாரம், ஒரே அமர்வில் முழுவதும் வாசியுங்கள். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் பயம்தான் மிஞ்சும். கிறிஸ்துவை அறிக்கையிடுதல், கட்டளைகளைக் கைக்கொள்ளுதல், சகோதரரிடம் அன்பு என்று அது காட்டும் அடையாளங்கள் வாழ்க்கை எந்தத் திசையில் போகிறது என்பதைப் பற்றியவை. பாவமே இல்லை என்பவன் தன்னையே வஞ்சிக்கிறான் என்றும் அதே நிருபம் சொல்கிறது (1:8). தவறி விழுந்த அன்றைக்கே உட்கார்ந்து உங்களைச் சோதித்துப் பார்க்காதீர்கள். மறைவாகத் தொடரும் பாவம் ஒன்று இருந்தால் கதை வேறு: அங்கே உறுத்துவது மனசாட்சி. அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள், யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் ஈடுசெய்யுங்கள்.

மன்னிக்கப்படாத பாவத்துக்கு மாற்கு 3:22-30 முழுவதையும் பாருங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்துவதைக் கண்டும், அது பிசாசின் வேலை என்று துணிந்து சொன்ன வேதபாரகருக்கே (யூத வேத அறிஞர்களுக்கே) அந்த எச்சரிக்கை. அவர்களிடம் துளிப் பயமும் இல்லை. மன்னிப்பு கிடைக்குமா என்று தவிக்கிறவர் அந்த நிலையில் இல்லை என்பதே பெரும்பாலான வேத விளக்கக்காரர்களின் கருத்து.

கேட்கும் பிரசங்கங்களும் குழப்பலாம், சபைகளே இதில் ஒன்றுபோல் பேசவில்லை. 1547-இல் கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம், கிருபையைப் பெற்றுவிட்டோம் என்று யாரும் தவறவே முடியாத விசுவாச நிச்சயத்தோடு அறிய முடியாது என்றது. அடுத்த நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் தரப்பின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நிச்சயம் கிடைக்கும், ஆனால் உண்மை விசுவாசிக்கும் அது நெடுநாள் தாமதிக்கலாம், அசையவும் செய்யலாம் என்றது. இரண்டு தரப்பும் சந்தேகம் வந்ததாலேயே ஒருவரைத் தள்ளிவிடவில்லை. சந்தேகமே வராதவன்தான் விசுவாசி என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இது தெரிந்தால் நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேண்டாத தூஷண எண்ணங்கள் தானாக வந்து விழுகின்றனவா? மனதுக்குச் ‘சரியாக’ப் படும்வரை ஜெபத்தைத் திரும்பச் சொல்கிறீர்களா, அதற்கே மணிக்கணக்கில் போகிறதா? அப்படியானால் இது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) மதம் சார்ந்த வடிவமாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. பயத்தை வரவிட்டு, ஜெபத்தைத் திரும்பச் சொல்லாமல் தாக்குப்பிடிக்கப் பழக்குவது அங்கே முக்கியமான சிகிச்சை. போதகரிடமும் சொல்லிவையுங்கள். ‘நான் இரட்சிக்கப்பட்டவன்தானே’ என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பதில் வாங்கிய பிறகு, அதே கேள்வியோடு அடுத்த வாரமும் போய் நிற்க வேண்டாம். அப்படிப் போனால் பதில் சொல்லாமல் அனுப்பும்படி அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.