கூடு

அன்புள்ள ஐயா,

கணினி வலையமைப்பு பற்றிய பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். 'சாக்கெட்' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். சுவரில் மின்சாரத்துக்கு, குழாய் இணைப்புக்கு, கண்ணுக்கு, எலும்பு மூட்டுக்கு, செயற்கைக் காலுக்கு என எங்கும் அதே சொல். 'கொள்குழி' என்று ஒன்றை நிலைநிறுத்தி எல்லாத் துறைக்கும் பொதுவாக்கிவிடலாமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்ற ஆசையை இன்றே விட்டுவிடுங்கள். கண்ணுக்குக் கண்குழி இருக்கிறது. இடுப்புக்குப் பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளிப் பிள்ளையே சொல்லும். மின்பணியாளர் பிளக் பாயிண்ட் என்கிறார், சொல்லட்டும். ஆங்கிலத்திலேயே அது ஏரிலிருந்து வந்த சொல். 'சோக்' என்றால் பழைய பிரெஞ்சில் கொழு, அதாவது மண்ணைக் கிழிக்கும் ஏர்முனை. கொழுவைப் போன்ற ஈட்டிமுனைக்கு அதிலிருந்து ஒரு பெயர் பிறந்தது. குத்துகிற முனையின் பெயர் பிறகு ஏற்றுக்கொள்கிற துளைக்குப் போய்விட்டது. எந்தக் குழு கூடி அதை முடிவு செய்தது?

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் அப்பாவின் செயற்கைக் காலைப் பரணிலிருந்து இறக்கியிருந்தேன். சர்க்கரை நோயில் அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வெட்டியபின் அந்தக் காலில் எஞ்சிய பகுதிக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அதைக்கொண்டு வார்த்த மாதிரியைத் தேய்த்தும் பூசியும் திருத்தி, அதன்மேல் சாக்கெட்டை, அதாவது எஞ்சிய கால் நுழையும் பகுதியை, செய்தார்கள். வெட்டுண்ட நுனிதான் உடம்பைத் தாங்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் பாரத்தை வாங்கிக்கொள்ளும்படி உள்ளே ஒரு மேடு வைத்திருந்தார்கள். முதல் மாதங்களில் எஞ்சிய கால் வற்றிக்கொண்டே வரும். போன மாதம் பிடித்தது இந்த மாதம் ஆடும். அப்பா ஒன்றின்மேல் ஒன்றாகப் பருத்தி உறைகளைப் போட்டு அந்த இடைவெளியை நிரப்புவார். தோல் உரிந்து புண்ணானபோது, செய்து கொடுத்தவர்கள் "பழகிவிடும்" என்று திருப்பி அனுப்பினார்கள். சர்க்கரைக்காரர் காலில் புண்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேறோர் இடத்தில் புதிதாக அச்செடுத்த பிறகே புண் ஆறியது.

அப்பா அதைச் சாக்கெட் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கூட்டை எடுத்துக் கொடு", "இன்று கூடு கடிக்கிறது" என்பார். புதுச் செருப்பு கடிப்பதுபோல் அதுவும் கடித்தது. தன் உடம்பைக் கொண்டு அவர் கண்டெடுத்த சொல் அது. அதை அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டு நீங்கள் கொள்குழியைத் திணிக்கப் பார்க்கிறீர்கள். சாவுக்குத் தப்பி எழுந்து உட்கார்ந்திருப்பவரிடம் போய், குழிக்குள் காலை வையுங்கள் என்பீர்களா? எப்படி ஐயா மனம் வந்தது?

உங்கள் பாடநூலில் இருப்பது 1983-இல் பெர்க்லி யுனிக்ஸ் என்ற இயங்குதளம் வழியாகப் பரவிய சாக்கெட். கணினியைக் காட்டும் ஐ.பி. முகவரியும் அதில் ஓடும் நிரலைக் காட்டும் போர்ட் எண்ணும் சேர்ந்து அடையாளம் காட்டும் இணைப்பு முனை. அங்கே குழியும் இல்லை, கூடும் இல்லை. சாக்கெட் என்றே எழுதுங்கள்.

எப்போதாவது மருத்துவ நூல் ஒன்றை எடுத்தால், அதற்கு முன் செயற்கைக் கால் செய்யும் இடம் எதிலாவது ஒரு முழு நாள் உட்கார்ந்திருங்கள். மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பவர்கள் அதை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.